வீட்டுல காதுல விழுந்தது டேட்டாவா? எங்க ஊரு பொண்ணு ஒன்னோட ரிசர்ச் மாஸ்டர்ஸ்

இது 2018ல ஆரம்பிச்சு 2023ல முடிஞ்ச விஷயம். எங்க ஊரு பொண்ணு ஒன்னு சமூகவியல்ல ரிசர்ச் மாஸ்டர்ஸ் பண்ணுச்சு. நான் அதுக்கு ஃபாரம் ஃபைவ் வரைக்கும் வரலாறு சொல்லிக் குடுத்தவ, வேலை பாத்துக்கிட்டே ஒரு மாஸ்டர்ஸ் முடிச்சவங்கிறதால அதுக்கு என்ன பிரச்சினைன்னாலும் மோட்டர எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வரும். எழுதலாம்னு அதுவும் சொல்லிச்சு, அதோட அம்மாவும் சொன்னாங்க. ஆள் பேரு, யுனிவர்சிட்டி பேரு போடல, ஊரு பேரும் போடல, ஏன்னா தீசிஸ்லயே ஊரு பேரு கிடையாது. மலேசியாவுல, பேராக்ல ஈப்போவுக்கு வடக்க ஒரு எஸ்டேட் டவுன், அவ்ளோ போதும்.

பின்னணி

அப்பா தவறிட்டாரு, அம்மா ஒரு ஸ்கூல்ல கூட்டித் துடைக்கிற வேலை, அண்ணன் சிங்கப்பூர்ல. தாத்தா பாட்டி பால் மரம் வெட்டுனவங்க, அப்புறம் ரப்பர் போயி செம்பனை வந்துச்சு, அப்புறம் தோட்டமே கை மாறி லயத்த (தோட்டத்து வரிசை வீடுங்க) இடிச்சாங்க, சனம் எல்லாம் டவுன் ஓரத்துல இருக்கிற மலிவு விலை வீட்டுக்கு வந்துட்டாங்க. எங்க பக்கம் பாதிக் குடும்பத்துக்கு இதே கதைதான். பொண்ணு டிகிரி முடிச்சுட்டு ஒரு தனியார் தாடிக்காவுல (பாலர் பள்ளி) பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்துச்சு, சம்பளம் 1,400 வெள்ளி, பிடிபிடிஎன் கடன் (அரசாங்கப் படிப்புக் கடன்) வேற கட்டணும்.

அம்மா கூட்டு பிடிக்கிறவங்க. மலேசியாவுல தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, வெளிய இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: 20 பொம்பளைங்க மாசம் ஆளுக்கு 200 வெள்ளி போடுவாங்க, சேர்ற 4,000த்த மாசம் ஒருத்தர் எடுப்பாங்க, 20 மாசத்துல சுத்து முடியும். மொத மாசக் காசு கூட்டு பிடிக்கிறவங்களுக்கு, குலுக்கல் இல்லாம. அதுக்குப் பதிலா யாராவது கட்டாம போனா அவங்கதான் கைக்காசு போட்டு நிரப்பணும். ரெண்டாவது மாசத்துல இருந்து மைலோ டின்னுல சீட்ட மடிச்சுப் போட்டு ஒரு சின்னப் பிள்ளைய விட்டு எடுக்கச் சொல்லுவாங்க.

ரிசர்ச் மோட் எடுத்த காரணம்

மாஸ்டர்ஸ்னா நம்ம நாட்டுல மூணு விதம்: கோர்ஸ்வொர்க், ரெண்டும் கலந்தது, முழு ரிசர்ச். கோர்ஸ்வொர்க்குல கொறஞ்சது 40 கிரெடிட் எடுக்கணும், வகுப்புக்குப் போகணும், எங்க ஊர்ல இருந்து வாராவாரம் கோலாலம்பூர் போயி வர்றது நடக்காத காரியம். ரிசர்ச் மோட்ல கிரெடிட் கணக்கு கிடையாது, தீசிஸ்தான் எல்லாம். ஃபீசும் கம்மி, வேலைய விட வேண்டாம், அதனால அது இத எடுத்துச்சு. நானும் சரின்னுதான் சொன்னேன். இப்ப யோசிச்சா, வகுப்பே இல்லன்னா கூடப் படிக்கிற ஆளும் இல்லங்கிறத நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். மொத செமஸ்டர்ல ஆராய்ச்சி முறை பத்தி ஒரு பாடம், லைப்ரரியில ரெண்டு மூணு பட்டறை, அதோட சரி. மிச்சமெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல அடுப்படி மேசையில ஒத்த ஆளா.

2018 செப்டம்பர்ல பதிஞ்சுச்சு, முடிக்க அதிகபட்சம் எட்டு செமஸ்டர். 2019 ஜனவரியில அம்மா புதுக் கூட்டு ஆரம்பிச்சு மொதக் காசு 4,000த்த எடுத்தாங்க, அதுலதான் ரெண்டு செமஸ்டர் ஃபீசும் ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பும். இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மொத வருஷம்

எஸ்டேட் பத்தி எழுத உட்கார்றவங்க எல்லாரும் காங்காணியில (இந்தியாவுல இருந்து ஆள் கூட்டிட்டு வந்தவரு) இருந்துதான் ஆரம்பிப்பாங்க, இதுவும் அப்படித்தான். 1938ல இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புறத நிப்பாட்டுனது, 1948ல அவசரகாலம், 1960ல அமைச்சர் சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கம்னு 40 பக்கம். கோலாலம்பூர்ல அர்கிப் நெகாராவுக்கு (தேசிய ஆவணக் காப்பகம்) மூணு தடவை போச்சு, சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்துல போட்டிருக்கிற பழைய தமிழ் முரசு பேப்பர ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து படிச்சுச்சு. எல்லாம் நல்ல வேலைதான், ஆனா கேள்வி என்னன்னு கேட்டா பதில் இல்ல. சூப்பர்வைசர் 40 பக்கத்தையும் ஒரே தடவையில படிச்சுட்டு, "இதெல்லாம் ஏற்கனவே எழுதியாச்சும்மா, உங்க ஊர்ல இப்ப என்ன நடக்குது, அதச் சொல்லு"ன்னாராம்.

அழுதுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துச்சு. தேத்தண்ணி குடிக்கிறப்ப போன் அடிச்சுச்சு, அம்மாதான், "வர்ற வழியில கோழிக்கடை அக்காகிட்ட கூட்டுக் காசு வாங்கிட்டு வா"ன்னு. போன வச்சுட்டு என்னையப் பாத்துச்சு. அங்கதான் தலைப்பு பொறந்துச்சு.

தலைப்பு நல்ல தலைப்பு. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ்ங்கிற மானிடவியலாளர் 1962லயே இந்த மாதிரி சுழற்சிக் கடன் குழுக்களப் பத்தி எழுதியிருக்காரு, இது ஒரு இடைப்படி மாதிரி, பொருளாதாரம் வளர்ந்தா பேங்கு வந்து இதோட எடத்தப் பிடிச்சுக்கும்னு. ரெண்டு வருஷம் கழிச்சு 1964ல ஷெர்லி ஆர்டனர், அப்படி ஒன்னும் மறையாதுன்னு மறுத்தாங்க. எங்க ஊரு பொம்பளைங்க எல்லாத்துக்கும் பேங்கு கார்டு இருக்கு, சம்பளமே பேங்குல தான் ஏறுது, ஆனாலும் ஒன்னாம் தேதி மெஷின்ல காச எடுத்து மத்தியானத்துக்குள்ள கூட்டுல போடுறாங்க. அது ஏன்? இந்தக் கேள்விய வச்சு புரொபோசல் டிஃபென்ஸ் (ஆய்வுத் திட்டத்த முன்வச்சு பதில் சொல்றது) தாண்டிருச்சு.

எதிக்ஸ் கமிட்டி

இங்கதான் மொத முட்டு. ஆளுங்ககிட்ட பேசி ஆய்வு பண்றதுக்கு யுனிவர்சிட்டியோட இந்தக் கமிட்டி அனுமதி குடுக்கணும். மலேசியாவுல 1971ல இருந்து கூட்டு நிதித் தடைச் சட்டம்னு ஒன்னு இருக்கு. அதுல தடை, கூட்ட தொழிலா நடத்துறதுக்குத்தான், நாலு பொம்பளைங்க நம்பிக்கையில சேர்றதுக்கு இல்லன்னு ஒரு வாதம் உண்டு, ஆனா கமிட்டிக்கு வாதம் தேவையில்ல, ஆபத்து யாருக்குங்கிறதுதான் தேவை. அவங்க கேட்டது நியாயமான கேள்விங்க: நாளைக்கு யாராவது புகார் குடுத்தா உன்னோட நோட்டுப் புத்தகம் யாரு கைக்குப் போகும்?

வழக்கமான சம்மதக் கடிதத்துல பேரு, ஐசி நம்பர், கையெழுத்து. அத முன்னோட்டமா ரெண்டு அக்காகிட்ட நீட்டுனதுக்கே ஒருத்தங்க கதவச் சாத்திட்டாங்க, இன்னொருத்தங்க, "ஆயி, இது சாட்சிக் கையெழுத்து மாதிரி இருக்கு, வேணாம்"னுட்டாங்க. கடைசியா எடுத்த முடிவு இதுதான்: கையெழுத்து வேணாம், தமிழ்ல வாசிச்சுக் காட்டி வாய்ச் சம்மதம், ரெக்கார்டிங்ல பேரு கிடையாது, ஆளுக்கு ஒரு எண். ஊரு பேரு கிடையாது. தொகைய சரியா எழுதாம வரம்பா எழுதுறது. எழுதி முடிச்ச அன்னைக்கே ரெக்கார்டிங்க அழிக்கிறது.

அதோட இன்னொன்னும் பொண்ணாவே சேத்துக்கிச்சு: அம்மாவ இன்டர்வியூ பண்றதில்ல, அம்மாவோட கணக்குப் புக்க தொடுறதில்ல. காரணம் கேட்டா, "அந்தப் புக்குல இருக்கிறவங்க எனக்குச் சம்மதம் குடுக்கல டீச்சர், அம்மாகிட்டதான் காசு குடுத்தாங்க"ன்னு சொல்லிச்சு. எனக்கு மெச்சிக்கத்தான் தோணுச்சு. அனுமதி வர அஞ்சு மாசம் ஆச்சு.

அந்தப் புக்கு எங்க ஊரு மளிகைக் கடையில கிடைக்கிற 555 புக்குதான், உள்ளங்கை அளவு. மொதப் பக்கத்துல பிள்ளையார் சுழி, ஓரத்துல சந்தனக் கறை. யாரு பேரும் முழுசா இருக்காது, கோழிக்கடை, கோயில் வீட்டு அக்கா, பஸ் டிரைவர் சம்சாரம்னு இருக்கும், கட்டுனா சிவப்புப் பேனாவுல ஒரு டிக். இருவது வருஷமா அந்த வீட்டு சாமி மேசையிலதான் இருக்கு. அது என்னான்னு தெரியாம வளர்ந்திருக்க முடியாது, இருந்தாலும் தொடல.

2020 மார்ச்

18 பேர இன்டர்வியூ பண்ணணும்னு திட்டம், 11 முடிஞ்சிருந்துச்சு. மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்துருச்சு. அம்மாவோட கூட்டுல அப்ப 15 மாசம் முடிஞ்சு, அஞ்சு பேரு இன்னும் காசு எடுக்கல. அந்த அஞ்சுல ரெண்டு பேருக்கு வேலையே போச்சு.

ஆராய்ச்சி நின்னு போச்சுன்னு பொண்ணு உட்கார்ந்திருச்சு. உண்மையில அப்பதான் வேலையே ஆரம்பிச்சுச்சு. ஏப்ரல்ல பேங்கு கடனுக்கெல்லாம் ஆறு மாசம் தவணை ஒத்தி வச்சாங்கல்ல, கூட்டு வாட்சப் குரூப்புல ஒரு அக்கா வாய்ஸ் போட்டாங்க: "பேங்குக்காரனே நிப்பாட்டுறான், நாமளும் நிப்பாட்டுனா என்ன?" உடனே காசு எடுக்காத அஞ்சு பேருல ஒருத்தங்க, "நீங்க எடுத்துட்டீங்க அதனால நிப்பாட்டலாங்கிறீங்க, என் வீட்டுல அடுப்பு எரிய வேணாமா"ன்னாங்க. மூணு நாளு ஓடுச்சு இந்தப் பேச்சு. கடைசியில ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் 200 இல்ல 100 கட்டுனா போதும், குலுக்கல் கிடையாது, அஞ்சு பேருல யாரு வீட்டுல ரொம்பக் கஷ்டமோ அவங்களுக்கு மொதல்ல. மிச்சத்த ஜூலைக்கு அப்புறம் சரிக்கட்டிக்கிறது. இபிஎஃப்ல (தொழிலாளர் சேமநிதி) இ-லெஸ்தாரின்னு மாசம் 500 வெள்ளி வரைக்கும் எடுக்க விட்டாங்கல்ல, அதுல இருந்து கூட்டுக்குக் கட்டுனவங்களும் உண்டு. வயசான காலத்துக்கு வச்ச காசு பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போச்சு. சரியா தப்பான்னு எனக்கு இன்னைக்கும் சொல்லத் தெரியல.

பொண்ணு அந்த குரூப்புல ஒரு மெம்பர், அம்மாவுக்கு டைப் பண்ணத் தெரியாதுங்கிறதால சேத்து விட்டது. அதுல வந்த பேச்ச எழுதலாமா? அது குரூப்புலயே கேட்டுச்சு, எதிக்ஸ் கமிட்டிக்கும் ஒரு திருத்தம் அனுப்புச்சு. 19 பேருல 17 பேரு சரின்னாங்க, மாட்டேன்னு சொன்ன ரெண்டு பேரோட பேச்ச எடுத்துட்டு மிச்சத்த எழுதுச்சு. தீசிஸ்ல ஆக நல்ல அத்தியாயம் அதுதான், படிச்ச எல்லாரும் அதத்தான் சொன்னாங்க.

அந்த அத்தியாயத்துல ஒரு சொல்லு பாடா படுத்துச்சு: நாணயம். "அவ நாணயமான பொம்பள, நம்பிக் குடுக்கலாம்"னு எல்லா இன்டர்வியூலயும் வருது. தீசிஸ் இங்கிலீஷ்ல. மொழிபெயர்த்தா வெறும் நம்பிக்கைன்னு ஆயிடுது, காசும் குணமும் ஒரே சொல்லுல இருக்கிறது காணாமப் போயிடுது. கடைசியில தமிழ்ச் சொல்லையே வச்சு ஒரு பக்கம் விளக்கம் எழுதுச்சு.

சூப்பர்வைசர் மாறுனது

2020 கடைசியில மொத சூப்பர்வைசருக்கு ஒப்பந்தம் முடிஞ்சு போயிட்டாரு, புதுசா ஒரு டாக்டர் வந்தாங்க. நாலு மாசம் வீண். இதப் பத்திப் பெருசா சொல்ல ஒன்னுமில்ல, நெறைய பேருக்கு நடக்கிறதுதான். மொத நாள்ல இருந்து துணை சூப்பர்வைசர் ஒருத்தர எழுத்துல கேட்டு வாங்கியிருந்தா அந்த நாலு மாசம் மிச்சமாயிருக்கும்.

போன அக்கா

இப்ப முக்கியமான எடம். 20 பேருல ஆரம்பிச்ச கூட்டு, வாட்சப்ல ஏன் 19 பேருன்னு கவனிச்சிருப்பீங்க. ஒரு அக்கா 2019 ஜூன்ல 4,000 எடுத்தாங்க, ஜூலையில ஆளக் காணோம், வீடு பூட்டிக் கிடந்துச்சு. மிச்சம் 14 மாசம், 2,800 வெள்ளி, அம்மா தலையில விழுந்துச்சு. ஓவர்டைம் பாத்து, ஒரு ஜோடி கம்மல அடகு வச்சு மாசாமாசம் அவங்க பங்கையும் அம்மாவே கட்டுனாங்க. ஊரெல்லாம், "கூட்டு எடுத்துட்டு ஓடிட்டா"ன்னு பேச்சு.

இதெல்லாம் பொண்ணுக்கு இன்டர்வியூல கிடைச்சது இல்ல. சோறு சாப்பிடுறப்ப காதுல விழுந்தது. புது சூப்பர்வைசர்கிட்ட வாய் தவறிச் சொல்லவும், "இதுதான் உன்னோட சிறந்த டேட்டா, இத விட்டுட்டு என்ன எழுதப் போற"ன்னாங்க. பொண்ணு மாட்டேன்னுருச்சு. அந்த அக்கா சம்மதிக்கல, அம்மா வீட்டுல பேசுனது ஆராய்ச்சிக்குப் பேசுனது இல்ல, பேரு போடலைன்னாலும் ஊர்ல படிக்கிற யாருக்கும் அது யாருன்னு தெரியும். நான் பொண்ணு பக்கம்தான் நின்னேன், இப்பவும் அந்த முடிவு தப்புன்னு நினைக்கல.

தப்பு அதுக்கு அப்புறம் நடந்துச்சு. நாலாவது அத்தியாயத்துல, இந்த ஆய்வுல கலந்துக்கிட்டவங்க மத்தியில காசு கட்டாமப் போனது எதுவும் பதிவாகலன்னு ஒரு வரி. அந்த அக்கா ஆய்வுல கலந்துக்கல, அதனால வரி பொய் இல்ல. வரைவ முழுசா நானும் படிச்சேன், பச்சைப் பேனாவுல அங்கங்க கமா போட்டேன், அந்த வரியில ஒன்னும் போடல.

வைவா

தொத்து காலத்துக்காக எல்லா மாணவர்களுக்கும் ஒரு செமஸ்டர் கூட்டிக் குடுத்தாங்க, ஆனா அத எடுக்காமலே 2022 ஜூலையில தீசிஸ் குடுத்துருச்சு, நவம்பர்ல வைவா, அதாவது எக்ஸாமினருங்க முன்னாடி வாய்த்தேர்வு. வெளி எக்ஸாமினர் மொதல்ல பாராட்டிட்டு, அந்த வரிய எடுத்தாராம்: "20 மாசம், 20 பேரு, தொத்து காலம் வேற. ஒருத்தர் கூடவா தவறல?" பொண்ணு பேசல. "கூட்டு பிடிக்கிறவங்க உங்க அம்மான்னு எழுதியிருக்கீங்க, உங்க ஃபீசே அதுல இருந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, நல்லது. அப்ப அம்மாவுக்குச் சங்கடமான விஷயத்த மறைக்கலைன்னு நான் எப்படி நம்புறது?"

ஃபீஸ் விஷயத்த எழுதுனதுதான் காப்பாத்துச்சு, இல்லன்னா மறைச்ச கணக்குல அதுவும் சேந்திருக்கும். முடிவு பெரிய திருத்தம், ஆறு மாசம் டைம். திருத்தத்துல கேட்டது ரெண்டுல ஒன்னு: காசு வராமப் போனா என்ன நடக்குதுங்கிறத எழுது, இல்ல ஏன் எழுத முடியலங்கிறத ஒளிவு மறைவு இல்லாம எழுது.

ரெண்டாவது வழி சுலபம். ரெண்டு பக்கத்துல முடிச்சிருக்கலாம், நானும் அதத்தான் சொன்னேன். பொண்ணு வேற யோசிச்சுச்சு: அந்த அக்காகிட்ட இதுவரைக்கும் யாருமே கேக்கலையே. எதிக்ஸ் கமிட்டிக்கு இன்னொரு திருத்தம், அதுக்கு ரெண்டு மாசம். அப்புறம் அம்மாகிட்ட, "அவங்க நம்பர் இருக்கா"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. அம்மா உடனே போன எடுத்துக் குடுத்துட்டாங்க.

கிள்ளான்

2023 பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை, ஈப்போ அமான்ஜெயா பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி கிள்ளான் போச்சு. அந்த அக்கா ஒரு தொழிற்சாலையில கிளீனர், கூட ரெண்டு பிள்ளைங்க, ஒரு ரூம்பு. பொண்ணு எழுதி வச்சிருந்த ஒரு பத்திய தமிழ்ல வாசிச்சுக் காட்டுச்சு, பேரு இல்லாம, ஒரு உறுப்பினர் காசு எடுத்துக்கிட்டு ஊர விட்டு ஓடிட்டார்னு. அக்கா கேட்டுட்டு, "எழுதிக்கம்மா, ஆனா ஓடிட்டான்னு எழுதாத. அந்தாளுகிட்ட அடி தாங்காம பிள்ளைங்களத் தூக்கிட்டு வந்தேன். உங்கம்மாவுக்குக் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்"னாங்க.

பொண்ணுக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. 2020 ஜனவரியில இருந்து தங்கச்சி மூலமா மாசம் 50 வெள்ளி வந்துக்கிட்டு இருந்திருக்கு, நடமாட்டக் கட்டுப்பாட்டுல ஏப்ரல்ல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் நின்னு, 2021ல இருந்து மறுபடியும். அன்னைய தேதிக்கு 1,450 கட்டியாச்சு. எல்லாம் 555 புக்கு கடைசிப் பக்கத்துல சிவப்பு டிக்கா இருந்திருக்கு, தொடக் கூடாதுன்னு முடிவு பண்ணதால பொண்ணு பாக்கல. அம்மா ஏன் சொல்லலைன்னு கேட்டா, "நீ கேக்கலையே. அவ புருஷன் காதுக்குப் போயிட்டா?"ன்னாங்க.

ஊர் பேச்ச அப்படியே டேட்டான்னு எழுதியிருந்தா தப்பாத்தான் எழுதியிருக்கும். எழுதாம விட்டதுலயும் அந்த வரி தப்பாத்தான் நின்னுச்சு. புருஷன் விஷயம், இருக்கிற எடம் எதையும் தீசிஸ்ல போடல, ஒரு உறுப்பினர் சுத்து முடிஞ்ச பின்னாடியும் சிறுகச் சிறுகக் கட்டுறார்னு மட்டும் ஒன்பது பக்கம். இங்க எழுதுனதையும் அந்த அக்காவுக்கு வாசிச்சுக் காட்டித்தான் போடுறேன், கிள்ளான்ங்கிறது அவங்களே வச்ச ஊரு.

மே மாசம் திருத்தம் ஏத்துக்கிட்டாங்க, அந்த வருஷக் கடைசியில பட்டமளிப்பு.

இப்ப ஆரம்பிச்சா என்ன மாத்துவோம்

பொண்ணும் நானும் உட்கார்ந்து பேசுனதுல வந்தது இது. காதுல விழுந்தத எழுதாம இருக்கலாம், ஆனா அது ஒன்னுமே இல்லாத மாதிரி ஒரு வரி எழுதக் கூடாது. சொந்த ஊருல ஆய்வு பண்றவங்க, எத எழுத மாட்டோம், ஏன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எழுதி சூப்பர்வைசர்கிட்ட குடுத்து வச்சிருந்தா, வைவாவுல வாயடைச்சு நிக்க வேண்டியிருந்திருக்காது. அம்மாவ இன்டர்வியூ பண்றதில்லங்கிற முடிவ இப்ப அது எடுக்காது, வேற ஆள விட்டுக் கேக்கச் சொல்லும்னு சொல்லுது. எனக்கு அது அவ்வளவா சரியாப் படல, அம்மா வெளி ஆளுகிட்ட வாயத் திறப்பாங்களாங்கிறது வேற விஷயம். எதிக்ஸ் கமிட்டிக்கு மொத விண்ணப்பத்தோடவே பின்னாடி வரப் போற திருத்தத்துக்கும் சேத்து மாசக் கணக்குப் போடணும், எங்களுக்கு மூணு தடவையில எட்டு ஒம்போது மாசம் போச்சு. இன்னொன்னு, வரைவ ஊர்க்காரங்க மட்டும் படிச்சா போதாது, எனக்கு அந்த வரி உறுத்தாம போனதுக்குக் காரணம் எனக்கும் அந்தக் கதை தெரிஞ்சிருந்ததுதான்.

பொண்ணு இப்ப ஈப்போவுல ஒரு காலேஜ்ல பகுதி நேரமா பாடம் எடுக்குது, பிஎச்டி பத்திக் கேட்டா சிரிக்குது. தீசிஸ் ஒரு பிரதி சாமி மேசையில 555 புக்குக்குப் பக்கத்துல இருக்கு. 2024 டிசம்பர் கணக்குப்படி கடைசிப் பக்கத்துல பாக்கி 250 வெள்ளி.